தலைமுழுகியவரின் பார்சல்

தனக்கென்று எதையும் கேட்காதவர்களை ஊர் பெருமையாகப் பேசும். நானும் பேசியிருக்கிறேன். இந்த மனிதரைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவரைக் கடைசியாகப் பார்த்துச் சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான்.

முதன்முதலாக அவர் என் கடைக்கு வந்தது ஒரு ஜோடி செருப்புக்காக. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் வெகுநேரம் நின்றார். கடையில் ஆள் குறைந்த பிறகு மெல்ல உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் போனுல செருப்பெல்லாம் வருமாமா?"

"வருமுங்ண்ணா. என்ன நம்பர் போடுவீங்க?"

"எனக்கில்லீங்க. வேற ஒருத்தரு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"சரி, அவருக்கு என்ன நம்பரு?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் வலது காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார். "அவருக்கும் எம்பட காலு மாதிரியேதானுங்க இருக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவெடுத்தேன். செருப்பு வந்த அன்று போட்டுப் பார்த்தார். "அவருக்குச் சரியா இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, கழற்றாமலே நடந்து ஊருக்குப் போனார்.

நான் அடிவாரத்துக்காரி. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் போய், அண்ணன் வைத்துக்கொடுத்த கடையோடு கொல்லிமலை ஏறியவள். வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்குப் போகும் ரோட்டில் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், கரண்ட் பில் எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் வருவது பார்சலுக்காக. திண்ணனூர் நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிற ஊர்களுக்குப் பார்சல் பையன்கள் போக மாட்டார்கள். தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே அவர்கள் வண்டியும் நின்றுவிடும். ஆகவே மலையில் பாதிப் பேருக்கு என் கடைதான் விலாசம். சேலை, சட்டி, மிளகுச் செடிக்கு மருந்து அடிக்கிற மெஷின், எல்லாம் என் போனில் தேடி, என் பேரில் வாங்கி, என் பெஞ்சில் வந்து இறங்கும். போட்டோவில் அண்டா மாதிரித் தெரிந்த இட்லிப் பானை சொப்புச் சாமான் அளவில் வந்து, அதற்காக ஒரு பெண் என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் பேசாமல் இருந்த மாதம் நிம்மதியாகத்தான் இருந்தது.

செருப்பு வாங்கினவருக்குப் பங்காளி ஒருவர் உண்டு. வயதில் மூத்தவர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லோடு ஏற்ற ஆள் பிடித்து அனுப்புகிறவர். நல்ல சிரிப்பு, அதைவிடப் பெரிய குரல். ரீசார்ஜ் பண்ண வரும்போதெல்லாம் தம்பியைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார்.

"இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம் அம்மிணி. பொண்ணோட அப்பன் காப்பித் தண்ணி குடுத்துட்டு, 'மாப்பிள்ளை யாருங்க'ன்னு கேட்டாரு. இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? என்னையக் கையக் காட்டிட்டான்! நான் அப்பவே கண்ணாலம் ஆகி ரெண்டு புள்ள பெத்தவன். அந்த ஊட்டுப் பொம்பளைங்க என்னைய ஏற எறங்கப் பாக்கறாங்க, எனக்குக் கூசிப்போச்சு."

"அப்புறம் எப்படிங்க கண்ணாலம் நடந்துச்சு?"

"பொண்ணு கெட்டிக்காரி. 'கை காட்டுனவருதான் மாப்பிள்ளை'ன்னு உள்ள இருந்தே சொல்லீருச்சு."

அந்தக் கெட்டிக்காரி, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் செத்துப்போனாள். அதன் பிறகு மகளுக்குத் தலை சீவி, சடை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்பியது இவர்தான். அதையும் பங்காளிதான் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

செருப்புக்குப் பிறகு இவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். டார்ச் லைட், குடை, போர்வை எல்லாம் அந்த ஒருத்தருக்காகத்தான். வாங்குவதைவிட, வாங்கின பொருள் எங்கே வருகிறது என்று பார்ப்பதில் அவருக்கு ஆசை. போனில் அந்த விவரம் வருமில்லையா, அதைப் படித்துக் காட்டச் சொல்வார். சேலத்துக்கு வந்துவிட்டது, நாமக்கல்லுக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லச் சொல்ல, தெரிந்தவர்கள் வருகிற மாதிரி முகம் மலரும். "தப்பாமத் தேடிட்டு வந்துருதுங்களே" என்பார். எனக்கு அது வெறும் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது. மனுஷன் எதைச் சுற்றி வருகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, செருப்பு, போர்வையெல்லாம் தேடுனா வருது. ஆளைத் தேடுனா வருமுங்களா?"

"வருமுங்ண்ணா. யாரைத் தேடோணும்?"

"எனக்கில்லீங்க. ஒருத்தரோட மவ. கீழ்நாட்டுல எங்கியோ இருக்குது."

"பேரு சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சுவரைச் சுற்றிலும் பார்த்தார். அடிவாரத்துப் பாத்திரக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியது. கடைக்கு அந்த வியாபாரி தன் மகள் பேரை வைத்திருந்தார்.

"அந்தக் காலண்டர்ல பெருசாப் போட்டுருக்குதுங்களே, அதுதானுங்க பேரு."

கோகிலா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோகிலா அவருடைய ஒரே மகள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கே வேன் ஓட்டுகிற கீழ்நாட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி ஆட்கள். ஊர் கூடியது. மகள் வேண்டுமென்றால் அவர் மட்டுமல்ல, அவர் வகையறா முழுவதும் தள்ளி நிற்க வேண்டும். பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், சாமி கும்பிடும்போது பங்கு கிடையாது என்றார்கள். வேண்டாமென்றால் தலைமுழுகச் சொன்னார்கள். இவர் கட்டின வேட்டியோடு ஓடையில் இறங்கி முழுகி எழுந்தார். செத்தவர்களுக்கு முழுகுகிற அதே முழுக்கு. அதன் பிறகு அந்தப் பெண் பேரை அவர் வாயில் எடுக்கக் கூடாது. மலை முழுக்கத் தெரிந்த சேதி இது. ஓடைக்கரையில் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு நின்றது அந்தப் பங்காளிதான்.

தேடினோம். பேரை அடித்ததும் கோகிலாக்கள் வரிசையாக வந்தார்கள். எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பாதிப் பெண்கள் முகத்தை வைப்பதில்லை. ரோஜாப்பூ, மயில், சாமி படம், யார் வீட்டுக் குழந்தையோ.

"அந்தப் பூவைச் சித்தத் தொடுங்க அம்மிணி. பின்னால ஆளு இருக்கும்."

தொட்டேன். பின்னால் இன்னொரு பூதான் இருந்தது. அவர் சலிக்கவே இல்லை. முகம் வைத்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது இல்லீங்க. நல்ல பாப்பாவாட்டம் இருக்குது. இது இல்லீங்க." பிறகு சாயங்காலங்களில் இதே வேலையாகப் போயிற்று. ஒரு கட்டத்தில் எனக்கு வெறுத்துப்போய், போன் நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று அதட்டிக் கேட்டேன்.

இருந்தது. தலைமுழுகின பிறகு ஒருதரம் அவருடைய பட்டன் போனுக்கு அந்தப் பெண் பேசியிருக்கிறாள். களத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள், பங்காளியும் பக்கத்தில் இருந்தார். "அப்பா, நாந்தான்" என்று குரல் கேட்டதும் இவர் சொன்னது, "தப்பு நம்பருங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தான் தூக்கி வளர்த்த பெண்ணிடம் வாங்க போங்க என்று பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அந்த நம்பரை நான் போட்டுப் பார்த்தேன். அணைத்து வைத்திருப்பதாகவே சொன்னது. பிறகு அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது.

"அந்த ஒருத்தரு ஏனுங்க அப்படிச் சொன்னாராமா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன்.

"பயமுங்க" என்றார்.

அந்த வருஷம் பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்த மில் பெண் ஒருத்தி ஆதார் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள். "கோகிலாக்காவப் பாத்தனுங்க. முழுகாம இருக்குது. லைன் ஊட்டுல குடியிருக்காங்க." விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவரிடம் சொன்னபோது மிளகு மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொல்ல மாட்டார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்பதுதான் பேச்சு. நானும் அதையே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அப்பன் முழுகிவிட்டு வந்திருக்கிறான், மகள் முழுகாமல் இருக்கிறாள். மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அந்தச் சொல்தான் தைத்திருக்கும் என்று நினைக்கிறேன். வெகுநேரம் கழித்து, "அந்த ஒருத்தருகிட்டச் சொல்லீர்றனுங்க" என்று எழுந்து போனார்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கண் உள்ளே போயிருந்தது.

"அந்த ஒருத்தரு திருப்பூரு போயிருந்தாருங்க அம்மிணி."

"பாத்தாருங்களா?"

"அந்தத் தெரு வரைக்கும் போயிட்டாருங்க. ஒரே மாதிரி ஊடுங்க வரிசையா. எது எதுன்னு தெரியல. ஒரு பொம்பள வந்து 'யாரு வேணும்'னு கேட்டுச்சு. அவருக்குப் பேரு வாயில வல்லீங்க. 'யாருமில்லீங்க, வழி தப்பிருச்சு'ன்னு சொல்லிப்போட்டு பஸ் ஏறிட்டாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த காகிதக் கட்டை மேஜையில் அடித்தேன். "அந்த ஒருத்தரு சுத்த மடையனுங்க!"

"ஆமாங்க" என்றார். "மடையன்தானுங்க."

அவர் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அப்படித் தலையாட்டி ஒத்துக்கொண்டதைத்தான் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு என் கடைக்குப் பார்சல் கொண்டு வந்த பையன், வழக்கம்போலப் படியில் நின்று ஒவ்வொரு பேராகக் கூவினான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போன பிறகு என்னிடம் கேட்டார். "திருப்பூருக்கு நாம ஒரு சாமானம் போட்டா, அங்கயும் ஒரு பையன் போவானுங்களா?"

"போவான்."

"வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்புடுவானுங்களா?"

"கூப்புடாம எப்படிக் குடுப்பான்?"

"சத்தமா?"

மகள் பேரை யாராவது ஒருத்தன் பயமில்லாமல் உரக்கக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு. கூப்பிட்டால் பதில் வருமா, உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

முதல் பார்சல் கண்ணாடி வளையல். முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு அப்பன் வீட்டிலிருந்து போக வேண்டியது. அளவு கேட்டேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் பண்ணி, சரியில்லை என்று தலையாட்டி, இன்னும் கொஞ்சம் சுருக்கிக் காட்டினார். அந்த வட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். விலாசம் அவள் பேரில், போன் நம்பர் என்னுடையது. பார்சல் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது, திருப்பூர் போய்ச் சேர்ந்தது. கடையிலேயே குந்திக்கொண்டு கிடந்தார். கடைசியில் வீடு பூட்டியிருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டு தடவை போட்டோம். இரண்டு தடவையும் அதே கதை. வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைக் காலி பண்ணிப் போயாயிற்றா, இல்லை வேறு ஏதாவதா என்று சொல்ல எனக்கும் வழியில்லை.

அந்த நாட்களில்தான் அந்தப் போட்டோ எல்லார் போனிலும் சுற்றியது. எங்கோ ஒரு லாட்ஜில் கிடந்த இளம்பெண்ணின் உடல், யாரென்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும் என்று போட்டிருந்தார்கள். கொல்லிமலைப் பெண் போல இருக்கிறது என்று யாரோ ஒரு மூளையில்லாத முண்டம் கீழே எழுதி வைத்திருந்தது. அவர் ஓடி வந்தார். ஓடி என்றால் நிஜமாகவே ஓடி. செருப்பில்லை, துண்டில்லை.

"அம்மிணி, ஒருத்தரு பாக்கோணுங்கறாரு. பெருசு பண்ணிக் காட்டுங்க."

பெரிதாக்கிக் காட்டினேன். மூடிய கண், வீங்கிய உதடு. அவர் முகத்தைப் போனுக்கு அருகே கொண்டு போனார். நெற்றியில் முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் பார்த்தார். வருஷக்கணக்காகச் சீவிவிட்ட தலை. வேறு எதையும் பார்க்க அவருக்குத் தேவை இருக்கவில்லை.

"இல்லீங்க" என்றார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "யாரு பெத்த பாப்பாவோ. இதுக்கும் ஒருத்தன் எங்கியோ உக்காந்து தேடிட்டு இருப்பானுங்களே."

அன்றைக்கு நான் கடையைச் சாத்திவிட்டேன். வியாபாரம் பண்ண மனசில்லை.

சில மாதங்கள் கழித்துக் குழந்தைத் துண்டு ஒரு கட்டு போட்டோம். பிறந்திருக்கும் என்று அவராகக் கணக்கு வைத்திருந்தார். இந்தத் தடவை வந்த சேதி வேறு. வாங்க மறுத்துவிட்டார் என்று போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். துள்ளி எழுந்துவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லுச்சுங்களா?"

"அப்படித்தான் போட்டிருக்குது. ஆனா நம்பாதீங்ண்ணா. பையனுக்குப் படியேற வலிச்சாலும் இப்படித்தான் போட்டுட்டுப் போவான். எங்களுக்குத் தெரியாததா?"

"வேண்டாம்னு சொல்றதுக்கு அங்க ஆளு இருக்குதுங்க அம்மிணி!"

நான் சொன்னதில் பின்பாதி அவர் காதில் ஏறவே இல்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகள் வேண்டாம் என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட அப்பனை நான் பார்த்ததில்லை. ஏரிக்கரைக் கடையில் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். தின்ன முடியாமல் தின்றேன்.

கடைசிப் பார்சல் கம்பளிக் குல்லா. சிவப்பில், காதை மூடுகிற மாதிரி, கைக்குழந்தை அளவு. நான் எவ்வளவோ சொன்னேன்.

"திருப்பூர்ல வெயில் மண்டையப் பொளக்குதுங்ண்ணா. கம்பளி எதுக்கு?"

"கொழந்தைக்குக் குளுருமுங்க."

"அங்க குளுராதுங்க!"

"பச்சப்புள்ளைக்குக் குளுராம இருக்குமுங்களா?" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பிறந்ததிலிருந்து மலையிலேயே இருப்பவர். குளிராத ஊர் ஒன்று இருக்கும் என்பதை அந்த ஒரு நாள் திருப்பூர்ப் பயணம்கூட அவருக்குப் புரிய வைக்கவில்லை. அன்றைக்கு அவர் வெயிலைக் கவனிக்கிற நிலைமையில் இருந்திருக்க மாட்டார். எப்படியோ தொலையட்டும் என்று போட்டுவிட்டேன்.

பார்சல் திருப்பூரில் வீட்டுக்குக் கொடுக்கக் கிளம்பிய அன்று கடையில் நல்ல கூட்டம். மத்தியானம். கரண்ட் பில் கட்ட வந்தவர்கள், சேலை வாங்க வந்த பெண்கள், எல்லாம் அவருடைய ஊர்க்காரர்கள்தான். பெஞ்சில் பங்காளி ரீசார்ஜுக்குக் காத்துக்கொண்டிருந்தார். இவர் மூலையில் ஸ்டூலில். என் கடையில் ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் சிக்னல் நிற்கும். அதனால் வருகிற போனையெல்லாம் அங்கேயே வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவேன். போன் அடித்தது. பார்சல் பையன்.

"அக்கா, பார்சலை வாங்கிப் பிரிச்சுட்டு, இப்பத் திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க. பிரிச்சதை நான் எடுக்க முடியாதுக்கா. நீங்களே பேசிக்கோங்க."

எதிர்முனையில் போன் கை மாறியது. ஒரு பெண் குரல். "யாருங்க நீங்க? ஏன் சும்மா சும்மா சாமானம் அனுப்பறீங்க?"

மூலையில் ஸ்டூல் கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணு, நீங்க கோகிலாங்களா?"

"ஆமாங்க. இந்த வெயில்ல கொழந்தைக்குக் கம்பளிக் குல்லா அனுப்பறவங்க மலைக்காரங்களாத்தான் இருக்கோணும். கொல்லிமலைங்களா? யாரு சொல்லி அனுப்பறீங்க?"

சேலைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரை அணைக்கப் போனைத் தொட்டால் சிக்னல் போய்விடும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இனிமே அனுப்பாதீங்க. நாளைக்கு நாங்க இந்த ஊட்டைக் காலி பண்றோம்."

"எங்க கண்ணு போறீங்க?"

"அதை உங்களுக்கு எதுக்குச் சொல்லோணும்? நீங்க யாருன்னே சொல்லலியே." பின்னால் ஒரு குழந்தை அழுதது. கைக்குழந்தையின் அழுகை. "யாருன்னு சொல்லுங்க. இல்லீன்னா வெக்கறேன்."

அவர் எழுந்து வந்தார். ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, போனுக்கு நேரே வாயை வைத்தார். தொண்டையிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது.

"கோகிலா" என்றார். "பாப்பா. நாந்தான் சாமி, உங்கப்பன் பேசறன். அன்னிக்கு அது தப்பு நம்பரு இல்ல சாமி. வெச்சுராத. எங்க போறீங்கன்னு மட்டும் சொல்லு."

பதில் இல்லை. நான் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இவர் எழுந்து வந்த அந்த நேரத்திலேயே போயிருக்கிறது.

போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கையை உயர்த்திப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்தேன். சிக்னல் வந்ததும் பையனுக்குப் போட்டேன். "நான் நாலு தெரு தாண்டி வந்துட்டேங்க்கா. இன்னும் வண்டி நெறையப் பார்சல் இருக்குது, திரும்பிப் போக முடியாது" என்றான். கெஞ்சினேன். வைத்துவிட்டான்.

உள்ளே வந்து சொன்னேன். அவர் ஜன்னலை விட்டு அசையவில்லை. பங்காளி எழுந்து நின்றிருந்தார். அந்தப் பெரிய குரலை நான் அவ்வளவு சின்னதாகக் கேட்டதில்லை.

"ஏம்ப்பா, யாருகிட்டப் பேசுன?"

கடை முழுக்க இவர் வாயைப் பார்த்தது. பங்காளி வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள் அப்போது. பங்காளி கேட்டது அதட்டல் இல்லை, இதற்கு ஏதாவது ஒரு பொய் சொல்லிவிடு என்ற கெஞ்சல். எனக்கும் அது புரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "எனக்கு வந்த போனுங்க அது. யாரோ தெரியாத பொண்ணு. பாவம்னு அண்ணன் ஏதோ சொன்னாரு."

இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வேண்டாம் என்று.

"இல்லீங்கண்ணா. எம்மவகிட்டத்தான் பேசுனேன். உங்களுக்கெல்லாம் கேட்டுருச்சு. பாப்பாவுக்குத்தான் கேக்கல."

அவர் என் மேஜையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த விலாசத்தை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே போகிற பஸ் ஏரி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். அதன் பிறகு அவர் மலைக்கு வரவில்லை.